ரிக்கார்டோ கணக்கில் அந்த 90 பேர் எங்கே போனார்கள்? பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் ஒரே சந்தைக் கோட்பாடு செல்லுமா?

பாளை மாணவன்:

வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் முதல் வருடம் படிக்கிறேன். போன வாரம் வகுப்பில், டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞரின் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு நடந்தது. பலகையில் மொத்தமே நான்கு எண்கள்தான். இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய வருடத்துக்கு 100 ஆட்கள் வேண்டும், அதற்கு ஈடான ஒயினுக்கு 120 ஆட்கள். போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டு வேலையிலும் போர்ச்சுகல்தான் கெட்டிக்காரி, இருந்தாலும் அது ஒயினை மட்டும் செய்து துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம்: போர்ச்சுகலுக்கு 80 ஆள் ஒயினைக் கொடுத்து 90 ஆள் வேலைத் துணி, இங்கிலாந்துக்கு 100 ஆள் துணியைக் கொடுத்து 120 ஆள் வேலை ஒயின். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் வருகிறது. 1817-இல் எழுதியது, இன்றுவரை அசைக்க முடியவில்லை என்றார் பேராசிரியர்.

நான் எழுந்து, "சார், போர்ச்சுகலில் துணி நெய்துகொண்டிருந்த அந்த 90 பேர் என்ன ஆனார்கள்?" என்று கேட்டேன். "திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள்" என்றார். வகுப்பு சிரித்தது, நானும் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மனம் உட்காரவில்லை. என் தாத்தா வீரவநல்லூரில் தறிக்குழிக்குள் கால் வைத்து நாற்பது வருடம் நெய்தவர். தறி நின்ற பிறகு வேறு எந்த வேலைக்கும் அவர் கை பழகவில்லை. அறுபது வயதில் சித்தாள் வேலைக்கா போவார்? கடைசிவரை திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நூல் சிக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் கேள்வி இதுதான். இறக்குமதி வரியைக் குறை, மானியத்தை நிறுத்து, அரசு ஆலையை விற்றுவிடு, சந்தை பார்த்துக்கொள்ளும் என்று ஏழை நாடுகளுக்குக் கடன் தரும்போது சொல்கிறார்களே, அதே மருந்தைப் பணக்கார நாடுகள் எப்போதாவது குடித்தனவா? கோட்பாடே தவறா, இல்லை அதைப் பொருத்துகிற விதம்தான் தவறா? பாடப் புத்தகத்தில் இருப்பதைத் தாண்டித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வரவுசெலவு:

தம்பி, சிரித்தார்கள் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், பொருளாதாரத்தில் ரொம்ப முக்கியமான கேள்வி அது. கணக்கு சரி. தகராறு எல்லாம் கணக்குக்கு முன்னால் சத்தமில்லாமல் வருகிற "என்று வைத்துக்கொள்வோம்"களில்தான் இருக்கிறது.

முதலாவது, ஒரு தொழிலை இழந்தவர் அடுத்த தொழிலுக்கு நஷ்டமில்லாமல் போய்விடுவார், வேலை கேட்கிற எல்லோருக்கும் வேலை உண்டு என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் தாத்தா விழுந்தது இந்த ஓட்டையில்தான். இரண்டாவது, முதல், அதாவது தொழிலில் போடுகிற மூலதனம், நாட்டை விட்டுப் போகாது என்று வைத்துக்கொள்கிறோம். இது ரிக்கார்டோவுக்கே தெரியும். முதலாளிகள் சொந்த நாட்டை விட்டுப் பணத்தை வெளியே எடுத்துப்போகத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் குறைந்தால் எனக்கு வருத்தம்தான் என்று அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்தத் தயக்கம் யாருக்கு இருக்கிறது?

சரி, முதல் தாராளமாக ஓடட்டும், அப்படியாவது ஏழை நாட்டுக்கு வருகிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. எங்கே முதல் குறைவோ அங்கே அதற்கு லாபம் அதிகம், ஆகவே பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு முதல் பாய வேண்டும் என்பது கோட்பாடு. 1990-இல் ராபர்ட் லூகாஸ் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாதாரணப் பாடநூல் சூத்திரத்தின்படி அமெரிக்காவில் ஒரு ரூபாய் முதல் தருவதைப் போல 58 மடங்கு இந்தியாவில் தர வேண்டும் என்று விடை வந்தது. 58 மடங்கு! அது உண்மையாக இருந்தால் உலகத்துப் பணமெல்லாம் இங்கே வந்து குவிந்திருக்க வேண்டாமா? ஏன் வரவில்லை என்பதைத்தான் அவர் கேள்வியாக வைத்தார். இத்தனைக்கும் அவர் சந்தைக்கு எதிரி இல்லை, சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர், பின்னால் நோபல் வாங்கினார். படிப்பு, சாலை, மின்சாரம், நீதிமன்றம், நம்பிக்கை என்று சூத்திரத்துக்குள் வராதவை ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தின் பெயர்தானே பணக்கார நாடு, ஏழை நாடு.

பணக்கார நாடுகள் இந்த மருந்தைக் குடித்தனவா என்று கேட்டீர்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத்துணி லண்டனில் சக்கைப்போடு போட்டபோது இங்கிலாந்து என்ன செய்தது? அங்கே உள்ள நெசவாளர்கள் கலகம் செய்தார்கள், 1700-இல் ஒரு சட்டம், 1721-இல் இன்னும் கடுமையாக ஒரு சட்டம் போட்டு இந்தியத் துணியைத் தடுத்தார்கள். உலகத்தை ஜெயிக்கிற மில்கள் வந்த பிறகுதான் தடையற்ற வாணிபம் பேச ஆரம்பித்தார்கள், இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்களை நீக்கியதே 1846-இல். அமெரிக்கா இன்னும் வெளிப்படை. அன்றைய நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-லேயே, குழந்தைத் தொழில்களை, அதாவது இன்னும் வளராத புதுத் தொழில்களை, காப்பாற்றாமல் இங்கிலாந்தோடு போட்டி போட முடியாது என்று காங்கிரசுக்கு அறிக்கை கொடுத்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் பல பத்தாண்டுகள், வரிக்கு உட்பட்ட இறக்குமதிகளுக்கு அங்கே சராசரி வரி 40 சதவீதத்துக்கு மேல். ஏறி முடித்தவன் ஏணியை எட்டி உதைக்கிறான் என்று ஜெர்மனியின் பொருளாதார அறிஞர் ஃபிரீட்ரிக் லிஸ்ட் 1841-இல் எழுதியது இதைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். 1962-இல் கென்னடி காலத்தில் அமெரிக்கா வரி குறைப்புப் பேச்சுக்குப் போனபோது, அதே சட்டத்தில், இறக்குமதியால் வேலை இழக்கும் தொழிலாளிக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் என்று ஒரு திட்டத்தைச் சேர்த்தார்கள். அதைப் பெரிய வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த 90 பேர் இருக்கிறார்கள் என்று சட்டத்திலாவது எழுதினார்கள். ஏழை நாட்டிடம் வரியைக் குறைக்கச் சொன்ன கடன் ஒப்பந்தங்களில் அப்படி ஒரு வாசகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.


குழித்துறை:

மேலே அண்ணன் சொன்னதற்கு ஒரு நேரடி உதாரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

குமரி மாவட்டம். என் அம்மா முப்பது வருடம் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். வறுத்த கொட்டையை ஒரு கல்லில் வைத்துக் கட்டையால் ஒரே தட்டு, பருப்பு உடையாமல் முழுசாக வெளியே வர வேண்டும். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அம்மாவின் இரண்டு கை விரல்களும் கறுத்தே இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனால் முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்வாள். எடை போட்டுக் கூலி. உடைசல் அதிகமானால் பேச்சு கேட்க வேண்டும்.

அந்தக் கொட்டை எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. நம் ஊரில் விளைவது ஆலைகளுக்குப் போதாது, பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும். அதில் ஒரு நாடு மொசாம்பிக். கல்லூரியில் படிக்கும்போதுதான் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன், படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

1970-களின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகமாக முந்திரி விளைந்த நாடு மொசாம்பிக். ஆரம்பத்தில் கொட்டையை அப்படியே இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், 1960-களிலிருந்து சொந்தமாக ஆலை கட்டி உடைக்க ஆரம்பித்தார்கள். 1975-இல் சுதந்திரம், கொஞ்ச நாளிலேயே உள்நாட்டுப் போர், அது முடியும்போது 1992. மரங்கள் கிழடாகிவிட்டன, ஆலைகள் துருப்பிடித்துவிட்டன. அந்த நிலைமையில் கடனுக்குப் போய் நின்றார்கள். உலக வங்கியின் வாதம் பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே வாதம். பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கு நீ போடுகிற வரியால் விவசாயிக்குக் குறைந்த விலை கிடைக்கிறது, உன் ஆலைகள் திறமையில்லாதவை, ஏழை விவசாயியின் காசில்தான் அவை ஓடுகின்றன, வரியைக் குறை, இந்தியாக்காரன் நல்ல விலை கொடுப்பான், விவசாயி பிழைப்பான். இதில் பாதி உண்மையும்கூட, அந்த ஆலைகள் நன்றாக நடந்தன என்று நான் சொல்ல வரவில்லை.

ஆலைகளைத் தனியாருக்கு விற்று முடித்த கையோடு, 1995-க்குப் பிறகு வரியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வாங்கினவர்களே திகைத்துப்போனார்கள். கொட்டை முழுக்கக் கப்பலேறியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, பத்தாயிரம் பேர் அளவுக்கு வேலை போனது, அதில் நிறையப் பேர் பெண்கள். என் அம்மா மாதிரியே முந்திரி உடைத்த பெண்கள். விவசாயிக்காவது வந்ததா? பொருளாதார அறிஞர் டானி ராட்ரிக்கும் இன்னும் இருவரும் பின்னாளில் இதைத் துருவி ஆராய்ந்து எழுதினார்கள். சராசரியாக ஒரு முந்திரி விவசாயக் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம் வருடத்துக்கு 5 டாலர் சொச்சம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு.

ஏன் அப்படி? கோட்பாட்டில் இரண்டு பக்கமும் நிறைய வியாபாரிகள் போட்டி போடுவார்கள். நிஜத்தில், சாலை இல்லாத கிராமத்துக்கு லாரி எடுத்துக்கொண்டு வருவது ஒன்றிரண்டு ஆட்கள்தான், அவர்கள் சொன்னது விலை. கடலுக்கு இந்தப் பக்கம் பச்சைக் கொட்டை வாங்க ஏறத்தாழ ஒரே நாடு, நம் நாடு. வரியைக் குறைத்ததும் அந்த இடைவெளி விவசாயியின் மடிக்குப் போகவில்லை, நடுவில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1999-இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் மறுபடி வரியை ஏற்றியது. 2000-க்குப் பிறகு நம்புலா மாகாணத்தில் சின்னச் சின்ன ஆலைகள் திறந்தன, அதில் பெரிய இயந்திரம் இல்லை, நம் ஊர் மாதிரி கையால் உடைக்கிற முறை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றுதான் எனக்கு ஆற்றாமை. வரியைக் குறைக்கக் கெடு வைத்தார்கள், அந்தப் பெண்களுக்கு வேறு வழி காட்ட யாரும் கெடு வைக்கவில்லை.


நாலணா:

அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஒரு சின்னச் சேர்க்கை. ஹைட்டி தன் அரிசியைத் தானே விளைவித்துச் சாப்பிட்ட நாடு, ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்குதான் அவர்களுக்குத் தஞ்சை. 1995-இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அமெரிக்க அரிசி வந்து இறங்கியது, அங்கே மக்கள் அதற்கு வைத்த பெயரே மயாமி அரிசி. அமெரிக்க விவசாயிக்கு அவர் அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, ஹைட்டி விவசாயிக்கு யார் கொடுப்பார்கள்? அவர்கள் நிலத்தை விட்டுத் தலைநகரின் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள். 2010 ஜனவரியில் நிலநடுக்கம் அந்த நகரத்தைத்தான் அடித்தது. இரண்டு மாதம் கழித்து, 1995-இல் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் செனட் குழு முன்னால், என் மாநிலமான ஆர்கன்சாஸின் விவசாயிகள் சிலருக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது தவறு, ஹைட்டி தன் மக்களுக்குச் சோறு போடும் திறனை இழந்ததோடு நான் தினமும் வாழ வேண்டியிருக்கிறது என்கிற பொருளில் பேசினார். ஒரு முன்னாள் அதிபர் இவ்வளவு தெளிவாக ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.


திறந்த கதவு:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். குழித்துறை நண்பர் எழுதியதைப் படித்து எனக்கும் நெஞ்சு கனத்தது, மறுக்கவில்லை. ஆனால் சந்தையை அடைத்து வைத்ததால் செத்த ஏழைகளுக்கும் கதை இருக்கிறது, அதையும் வையுங்கள்.

கானாவின் கோகோ. விவசாயி தன் விளைச்சலை அரசு வாரியத்துக்கு மட்டுமே விற்க வேண்டும். வாரியம் உலக விலையில் ஒரு துண்டைத்தான் கொடுக்கும், மீதி தலைநகரத்துக்கு. 1980-களின் தொடக்கத்தில் நிலைமை எவ்வளவு மோசம் என்றால், விவசாயிகள் ராத்திரியில் மூட்டையை எல்லை தாண்டி ஐவரி கோஸ்டுக்குக் கடத்தினார்கள், முடியாதவர்கள் மரத்தில் காயைப் பறிக்காமலே விட்டார்கள். உலகத்திலேயே முதலிடத்தில் இருந்த நாடு அது. 1983-க்குப் பிறகு விவசாயிக்குத் தரும் விலையை ஏற்றிய பிறகுதான் மரத்துப் பக்கம் மறுபடி ஆள் போனான்.

வியட்நாம். கூட்டுப்பண்ணை நடந்தபோது அரிசிக்குக் கை ஏந்திய நாடு. 1986-இல் தோய் மோய் சீர்திருத்தம், 1988-இல் நிலத்தைக் குடும்பங்களுக்கே ஒப்படைத்து, விளைந்ததை விற்றுக்கொள் என்றார்கள். 1989-இல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி! ஒரே மண், ஒரே மழை, ஒரே மக்கள்.

நம் கதையும் இருக்கிறது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தது, தொலைபேசி இணைப்புக்கு எம்.பி. கடிதம் வாங்க அலைந்தது, இதெல்லாம் இப்போது படிக்கிற தம்பிகளுக்குக் கதை மாதிரி இருக்கும். நான் அலைந்திருக்கிறேன். குழந்தைத் தொழில் குழந்தைத் தொழில் என்று நாற்பது வருடம் தொட்டிலிலேயே வைத்திருந்தோம். 1991-இல் 47 டன் தங்கத்தை அடகு வைக்கிற இடத்துக்கு வந்து நின்றோம்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். பணக்கார நாடுகள் சந்தையைப் போதித்தது தவறில்லை, அவர்கள் அதைக் கடைப்பிடிக்காததுதான் தவறு. 1974 முதல் 2004 முடியும்வரை, பல இழை ஒப்பந்தம் என்ற பெயரில், ஏழை நாட்டு ஆடைகளுக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தார்கள். திருப்பூரில் அந்தக் காலத்தில் ஏற்றுமதி செய்தவர்களைக் கேளுங்கள், கோட்டா கிடைப்பதே ஒரு தனி வேலை. பருத்தியை எடுங்கள். மாலியிலும் புர்கினா பாஸோவிலும் ஒரு ஏக்கரில் கையால் பருத்தி எடுக்கிற குடும்பம், 2000-களின் தொடக்கத்தில் சுமார் 25,000 அமெரிக்கப் பருத்தி விவசாயிகளுக்குப் போன நூற்றுக்கணக்கான கோடி டாலர் மானியத்தோடு போட்டி போட வேண்டியிருந்தது. 2003-இல் அந்த நாடுகள் பெனின், சாட் நாடுகளோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. பிரேசில் தனி வழக்காகவே போட்டு ஜெயித்தது, கடைசியில் 2014-இல் அமெரிக்கா 30 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டது. பிரேசில் விவசாயிக்கு வழக்கு நடத்த ஒரு பெரிய அரசு இருந்தது. மாலிக்காரருக்கு?

ஆளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொருளுக்கும் பணத்துக்கும் கதவைத் திற என்கிறார்கள், வேலை தேடி வருகிற மனிதனுக்குத் திறக்க மாட்டார்கள். சந்தை என்றால் அதுவும் சந்தைதான்.


வடமராட்சியான்:

தம்பிமார், இலங்கை அனுபவத்தையும் இதில் போட வேண்டும் என்று நினைக்கிறேன். நான் அப்போது பள்ளிப் பெடியன், ஆனால் கண்ணால் கண்டது.

1970 முதல் 77 வரை பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம். அந்நியச் செலாவணி இல்லை, செத்தல் மிளகாய், வெங்காயம் எல்லாவற்றுக்கும் இறக்குமதித் தடை. எங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை என்று மாறி மாறி வைத்தார்கள், லொறி லொறியாகக் கொழும்புக்குப் போனது. துலா மிதித்து இறைத்த ஆட்கள் மெஷின் வாங்கினார்கள், மண் வீட்டில் இருந்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். எங்கள் ஐயாவும் அந்தக் காசில்தான் அக்காவைக் கரைசேர்த்தார். படித்த பெடியள் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் காடு வெட்டி மிளகாய் வைத்தார்கள்.

77-இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்தார், தெற்காசியாவிலேயே முதலாவதாகக் கதவைத் திறந்தார். இந்திய வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்கின. எங்கள் சாமான் விலை விழுந்தது. ஐயா விலை ஏறும் என்று கோர்வையாகக் கட்டி வீட்டு வளையில் தூக்கிய வெங்காயம் அப்படியே முளைவிட்டது, அந்த மணம் வீடெல்லாம் நின்றது, இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, அது கொழும்புப் பக்கத்தில். விசுவமடு மிளகாய்க்காரனுக்கு அங்கே என்ன வேலை? பிறகு எங்கள் பகுதியில் நடந்தவற்றுக்கு வேறு பெரிய காரணங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் வெங்காயத்தில் கட்ட மாட்டேன். ஆனாலும் தோட்டத்தில் எதிர்காலம் இருக்கிறது என்று நம்பிய ஒரு தலைமுறைக்கு அந்த நம்பிக்கை போனது அப்போதுதான்.

இதன் மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. எங்களுக்குப் பொற்காலமாக இருந்த அதே வருடங்களில் கொழும்பில் பாணுக்கு, நீங்கள் ரொட்டி, பிரெட் என்பீர்களே அதற்கு, விடியப்புறமே வரிசை. மலையகத்தில் அதைவிடக் கொடுமை, 1973, 74-இல் தேயிலைத் தோட்டங்களில் எங்கள் சனமே பட்டினியால் செத்தது. அவர்களுக்குக் காணி இல்லை, கூலியும் பங்கீட்டு மாவும்தான் சீவியம், இறக்குமதி நின்றால் அடுப்பு நின்றது. ஒரே கொள்கை, ஒரே மொழி பேசுகிற இரண்டு சனம், ஒருவர் வீடு கட்டினார், மற்றவர் பிள்ளையைப் புதைத்தார். திறந்த பிறகும் ஏழைகளுக்கு வசதி வந்துவிடவில்லை, 1979-இல் பங்கீட்டு அரிசியை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்கள், விலைவாசி ஏற ஏற அந்த முத்திரைக்கு வாங்கக் கூடியது குறைந்துகொண்டே போனது.

அதனால் 'நாட்டுக்கு லாபம்' என்று யாராவது சொன்னால், நாட்டில் ஆருக்கு என்று நான் கேட்பேன்.


பாளை மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, மலையகம் பற்றி எழுதியது எனக்குப் புதுசு, நான் கேள்வி கேட்டபோது விளைவிக்கிறவர் பக்கம் மட்டும்தான் மனதில் இருந்தது, வாங்கிச் சாப்பிடுகிற ஏழையை நினைக்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். கதவை அடைத்துத் தொட்டிலில் வைத்தோம் என்று திறந்த கதவு சார் சொல்கிறார். தென் கொரியாவும் அடைத்துத்தானே வைத்தது? அங்கே மட்டும் குழந்தை எப்படி எழுந்து நடந்தது?


வரவுசெலவு:

கொரியா அடைத்தது உண்மை. உருக்கு ஆலைக்குக் கடன் கேட்டபோது உலக வங்கி, உனக்கு இரும்புத் தாதும் இல்லை, நிலக்கரியும் இல்லை, இது தேறாது என்று கைவிரித்தது. ஒப்பீட்டு நன்மைக் கணக்குப்படி சரியான பதில்தான். அவர்கள், முன்பு தங்களைக் காலனியாக ஆண்ட ஜப்பானிடமிருந்து 1965 ஒப்பந்தத்தில் வந்த ஈட்டுப் பணத்தைப் போட்டு 1968-இல் போஸ்கோ என்ற உருக்கு நிறுவனத்தைத் தொடங்கி, 1973-இல் போஹாங்கில் உருக்கு வார்த்துவிட்டார்கள். பின்னாளில் உலகத்தின் சிக்கனமான ஆலைகளில் ஒன்று அது.

வித்தியாசம் எங்கே என்றால், பாதுகாப்புக்கு அவர்கள் விலை வாங்கினார்கள். மலிவு வட்டிக் கடன் வேண்டுமா, ஏற்றுமதி செய்து காட்டு. அதிபர் பார்க் சுங் ஹீ மாதம்தோறும் ஏற்றுமதிக் கூட்டத்தில் தானே உட்கார்ந்து கணக்குக் கேட்டார். இலக்கை எட்டாதவனுக்குக் கடன் நின்றது. உள்நாட்டில் சந்தை அடைப்பு, வெளிநாட்டில் போட்டி, இரண்டும் ஒரே நிறுவனத்துக்கு ஒரே நேரத்தில். நாம் உரிமம் கொடுத்தோம், பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்கூட்டர் வரிசை அவ்வளவு நீண்டிருக்காது. அதோடு, 1950 வாக்கிலேயே நிலத்தைக் குத்தகைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கை என்றால் வேலை மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை.

ஆனால் தம்பி, அதைப் பொற்காலமாக எழுதிவிடாதீர்கள். அது இராணுவ ஆட்சி, சங்கம் வைக்க விடமாட்டார்கள். 1970 நவம்பரில் சியோல் ஆடைச் சந்தையில் வேலை பார்த்த ஜோன் டே இல் என்ற 22 வயதுப் பையன், தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள், நாங்கள் இயந்திரங்கள் இல்லை என்று கத்திக்கொண்டே தன்மேல் தீ வைத்துக்கொண்டான். பாடப் புத்தகத்தில் அந்த வருடத்து ஏற்றுமதி எண் இருக்கும். நீங்கள் பரீட்சையில் கொரியா எழுதினால் அவன் பெயரையும் எழுதுங்கள், மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.


திறந்த கதவு:

கொரியா விஷயத்தில் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும், அப்படிக் கணக்குக் கேட்கிற அரசாங்கம் எத்தனை ஏழை நாட்டில் இருக்கிறது? கேட்க முடியாத இடத்தில் வரிச்சுவர் கட்டினால், சுவருக்குள் அமைச்சரின் மைத்துனர்தான் தொழில் செய்வார். அங்கே திறப்பதே ஏழைக்கு நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மொசாம்பிக் மாதிரித் திறக்கக் கூடாது. முதலில் சாலை, கிராமத்துக்கு நாலு வியாபாரி, அப்புறம் வரி. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.


பாளை மாணவன்:

குழித்துறை அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மொசாம்பிக் கொட்டை எல்லாம் இங்கே வந்த அந்த வருடங்களில் அம்மாவுக்கு வேலையோ கூலியோ கூடியதா? கோட்பாட்டின்படி நாம்தானே ஜெயித்த பக்கம்.


குழித்துறை:

இதை நேற்று ராத்திரி அம்மாவிடமே கேட்டேன். வருடத்தில் வேலை நாள் கொஞ்சம் கூடின, அது உண்மை என்றாள், மழைக்காலத்தில்கூட கொட்டை தீராமல் இருந்ததாம். கூலி? போனஸ் நேரத்தில் சங்கக்காரர்கள் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்ததைத் தவிர தானாக ஒரு பைசா ஏறவில்லை என்றாள். அந்த நாட்களை அவள் நல்ல நாட்கள் என்றுதான் சொல்கிறாள். தம்பியின் ஐ.டி.ஐ. ஃபீஸ் அதில்தான் கட்டினோம்.

அப்புறம் வியட்நாம்காரர்கள் இயந்திரத்தில் உடைக்க ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்கக் கொட்டை அந்தப் பக்கம் திரும்பியது, கொல்லத்தில் ஆலை ஆலையாகப் பூட்டினார்கள், எங்கள் பக்கமும் நிறைய இடம் மூடிவிட்டது. அம்மா வேலை பார்த்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. கூட வேலை பார்த்தவர்களில் ரெண்டு பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், ஒருவர் நாகர்கோவிலில் துணிக்கடையில் தரை துடைக்கிறார்.

மொசாம்பிக் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அங்கேயும் சாம்பல்தான் பூசுவார்களா என்று கேட்டாள். தெரியவில்லை அம்மா என்றேன்.